வெள்ளிக்கிழமைதான் எனக்கு நீள ஓட்டம்

ஓட்டப் பயிற்சி அட்டவணை எதை எடுத்துப் பார்த்தாலும் ஞாயிற்றுக்கிழமைக்கு நேராக 'நீள ஓட்டம்', அதாவது வாரத்திலேயே அதிக தூரம் ஓடுகிற ஓட்டம், என்று போட்டிருக்கும். சனி ஞாயிறு லீவு உள்ளவர்களுக்காக எழுதிய அட்டவணை அது. ராமநாதபுரம் ஜில்லாக் கடலோரத்தில் இருக்கிற எங்கள் மண்டபம் ஊரில், விசைப்படகுக்குப் போகிறவர் வீட்டில், ஞாயிறு விடியற்காலைதான் வாரத்திலேயே வேலை நெரியும் நேரம். சனிக்கிழமை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு போன படகுகள் ராத்திரி முழுக்க மடி வலை இழுத்துவிட்டு அப்போதுதான் கரைக்கு வரும். இறால் தனி, நண்டு தனி, கணவாய் தனி என்று பிரித்து, எடை போட்டு, ஐஸ் அடித்து, கம்பெனி வண்டியில் ஏற்றி, மிச்சம் கிடக்கும் சங்காயத்தை, அதாவது கழிவுப் பொடி மீனை, காயப்போட அனுப்பி முடிப்பதற்குள் வெயில் ஏறிவிடும். என் வீட்டுக்காரர் படகில் டிரைவர். நான் ஐஸ் கம்பெனியில் கணக்கு எழுதுகிறேன். அந்த நேரத்தில் நான் இரண்டு மணி நேரம் ரோட்டில் ஓடினால், என் வேலையை வேறு யாரோ செய்துகொண்டிருப்பார்கள் என்று அர்த்தம்.

ஓட ஆரம்பித்துச் சில வருடம் ஆகிறது. இப்போது அரை மராத்தான், அதாவது 21 கிலோமீட்டரும் கொஞ்சமும், எனக்குப் பழகிய தூரம். எங்கள் பக்கத்துப் பெண்கள் சிலர், "வேலை, பிள்ளைகள், மாமியார், இத்தனையும் வைத்துக்கொண்டு எப்படி முடிகிறது?" என்று கேட்கிறார்கள். வெறும் வாழ்த்தாகக் கேட்கவில்லை, தாங்களும் ஓட வேண்டும் என்றுதான் கேட்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். ஓடுவதற்கு நேரம் வேண்டும் என்றால் அது வீட்டில் இன்னொருவர் கையிலிருந்துதான் வர வேண்டும். நாம் ரோட்டில் இருக்கும்போது யாரோ பால் காய்ச்சுகிறார்கள், யாரோ குழாயடியில் நிற்கிறார்கள். அந்த நேரத்தை வாய் திறந்து கேட்டு வாங்க வேண்டும். "அரை மணி நேரத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லிவிட்டு ஒன்றரை மணி நேரம் கழித்து வந்தால் அடுத்த வாரம் யாரும் மனசு வைத்து அனுப்ப மாட்டார்கள். எத்தனை மணிக்குப் போவேன், எத்தனை மணிக்கு வருவேன், அதற்குள் என்னென்ன நடக்க வேண்டும், அதை யார் பார்ப்பார்கள் என்று முதல் நாளே பேசி வைத்துவிட வேண்டும். கேட்டு வாங்கியதைச் சொன்ன நேரத்தில் திருப்பித் தரவும் வேண்டும். என் பயிற்சியில் கிலோமீட்டர் கணக்கை விட இந்தக் கணக்கைத்தான் நான் கவனமாகப் பார்க்கிறேன்.

சரி, எங்கள் வாரம் எப்படி என்று சொல்கிறேன். பாக் நீரிணைப் பக்கம் விசைப்படகுகள் வாரத்தில் மூன்று நாள்தான் கடலுக்குப் போகும்: திங்கள், புதன், சனி. மற்ற நாட்கள் நாட்டுப்படகுகளுக்கு. போன படகு மறுநாள் காலை திரும்பும். ஆக, திங்கள், புதன், சனி காலைகளில் அனுப்பி வைக்கிற வேலை, செவ்வாய், வியாழன், ஞாயிறு காலைகளில் கரை வேலை. ஏழு காலைகளில் போட் போகாத, போட் வராத காலை வெள்ளிக்கிழமை ஒன்றுதான். அன்று என் வீட்டுக்காரர் கரையில் இருப்பார். ஐஸ் கம்பெனியிலும் சாயங்காலம்தான் சனிக்கிழமைப் படகுகளுக்கு ஐஸ் ஏற்றுகிற நெருக்கடி, காலையில் கொஞ்சம் தாமதமாகப் போகலாம். காலண்டரை வைத்துக்கொண்டு உட்கார்ந்து பார்த்தபோது நீள ஓட்டத்துக்கு இடம் அங்கேதான் இருந்தது.

ஆனால் வெள்ளிக்கிழமைக்கு எங்கள் வீட்டில் வேறொரு உரிமைக்காரர் உண்டு, என் மாமியார். வெள்ளிக்கிழமை காலையில் வீட்டைக் கழுவி, தலைக்குக் குளித்து, விளக்கேற்ற வேண்டும். அவர் மருமகளாக வந்த நாளிலிருந்து விடாமல் செய்கிற காரியம் அது. புருஷனும் மகனும் கடலில் இருக்கிற வீட்டில் அந்த விளக்குக்கு என்ன அர்த்தம் என்று எனக்குத் தெரியும். அதைச் சின்ன விஷயம் என்று ஒதுக்கிவிட்டு ஓடப் போவதில் எனக்கு விருப்பம் இல்லை. பேசினோம். நான் ஓடுவதில் அத்தைக்கு வருத்தமே இல்லை, விளக்கு நேரம் தப்பக்கூடாது என்பதுதான் அவர் கவலை. வழியையும் அவரே சொன்னார்: "வீட்ட வியாழக்கிழம சாயங்காலமே கழுவிப்புடுவோம். ஓடிட்டு வந்து எப்படியும் நீ தலைக்கு ஊத்தத்தான் போற. ஊத்திட்டு வந்து விளக்கேத்து." அன்றிலிருந்து அப்படித்தான் நடக்கிறது. வியாழன் சாயங்காலம் பிள்ளைகள் வாளி தூக்க, நான் தேய்க்க, அத்தை கோலமாவு டப்பாவோடு வாசலில் உட்கார்ந்து மேற்பார்வை பார்ப்பார். ஒன்பது மணிக்கு விளக்கணைத்துப் படுத்துவிடுவேன். நாலு மணிக்கு எழுந்து நாலரைக்கு ரோட்டில் இருப்பேன். ஏழு மணிக்குள் குளித்துவிட்டு விளக்கடியில் இருக்க வேண்டும். நான் எவ்வளவு தூரம் ஓடலாம் என்பதை இந்த ஏழு மணிதான் முடிவு செய்கிறது.

முழு மராத்தானுக்கு நான் இப்போதைக்குப் போகாததும் இதனால்தான். 42.195 கிலோமீட்டருக்குத் தயாராக வேண்டும் என்றால் நீள ஓட்டம் மூன்று மணி நேரத்துக்கு மேல் போகும், அப்புறம் அன்று பகல் முழுக்க உடம்பு சொன்னபடி கேட்காது. அரை மராத்தானுக்கு இரண்டு மணி நேரத்துக்குள் முடிகிற நீள ஓட்டங்களே போதும். பையன் மூன்றாவது படிக்கிறான், பெண் ஏழாவது. அவர்கள் இன்னும் கொஞ்சம் வளரட்டும். எந்தத் தூரத்துக்குப் பேர் கொடுப்பது என்பதை நம் ஆசை மட்டும் முடிவு செய்யக் கூடாது, நம் வாரத்தில் அதற்கு இடம் இருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும். அரை மராத்தானைப் பாதித் தூரம் என்று குறைத்துப் பேசுகிறவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. ஒழுங்காகத் தயாராகி ஓடினால் ஆளை முழுசாகக் கேட்கிற தூரம் அது.

வெள்ளி காலையில் நான் இல்லாத நேரத்தில் வீடு என் வீட்டுக்காரர் பொறுப்பு. பிள்ளைகளை எழுப்பி, மாவை எடுத்து இட்லி ஊற்றி, பெண்ணுக்குத் தலை பின்னி விடுவது வரைக்கும். வலை கிழிந்தால் கண்ணி கண்ணியாகப் பின்னிச் சரிசெய்கிற கை. முதலில் எல்லாம் அவர் பின்னல் போட்டால் இழுத்த இழுப்பில் பெண்ணுக்குப் புருவம் மேலே ஏறிவிடும், அவள் கத்துவாள். இப்போது பதமாக வருகிறது. அம்மா பின்னினால் மத்தியானத்துக்குள் அவிழ்ந்துவிடுகிறது, அப்பா பின்னினால் சாயங்காலம் வரை நிற்கிறது என்று அவளே சொல்கிறாள். பதிலுக்கு வியாழக்கிழமை மத்தியானம் அவருக்கு. கடலில் ராத்திரி முழுக்கக் கண் விழித்தவர் மூன்று மணி நேரமாவது அசந்து தூங்க வேண்டும். அந்த நேரத்தில் வீட்டில் டிவி கிடையாது, போன் சைலண்டில் கிடக்கும், பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் நேராகப் பக்கத்தில் சித்தி வீட்டுக்குப் போய்விடுவார்கள். இதை நான் உதவியாகச் செய்யவில்லை. அவர் தூக்கமும் என் ஓட்டமும் ஒரே பேச்சில் முடிவான விஷயங்கள்.

வெள்ளி தவிர செவ்வாய் சாயங்காலம் ஒன்று, ஞாயிறு சாயங்காலம் ஒன்று. வாரத்துக்கு மொத்தம் மூன்று ஓட்டம். 'அது போதுமா?' என்று கேட்பவர்களுக்கு என் பதில், வேலையும் வீடும் உள்ள ஆளுக்கு அரை மராத்தானை நன்றாகவே ஓடி முடிக்க மூன்று போதும் என்பதுதான். ஜப்பானில் யூகி கவாவுச்சி என்று ஒருவர். பள்ளிக்கூட அலுவலகத்தில் முழுநேர அரசு வேலை பார்த்துக்கொண்டே 2018இல் பாஸ்டன் மராத்தானை ஜெயித்தார், கொட்டும் குளிர் மழையில். தொழில்முறை ஓட்டக்காரர்கள் ஒரு நாளைக்கு இரண்டு வேளை ஓடும்போது, வேலை காரணமாக அவர் பெரும்பாலும் ஒரு வேளைதான் ஓடினார். அவருடைய காலும் நுரையீரலும் நமக்கு வராது. ஆனால் கிடைத்த ஒரு வேளையை எதற்குச் செலவழிப்பது என்று தெரிந்திருந்தால் போதும் என்பதை அவரிடமிருந்து எடுத்துக்கொள்ளலாம்.

என் மூன்றில் செவ்வாய் மட்டும்தான் கடினம். வேலைக்குப் போகும்போதே பையில் ஷூ இருக்கும். ஐந்து மணிக்குக் கணக்கை மூடிவிட்டு மண்டபம் கேம்ப் பக்கம் உள்ரோட்டில் பத்து நிமிடம் மெதுவாக ஓடிச் சூடாக்கிக்கொண்டு, ஐந்து நிமிடம் வேகம், இரண்டு நிமிடம் மெதுவாக, இப்படி நாலு தடவை. வேகம் என்றால் இரண்டு மூன்று வார்த்தை பேசலாம், முழு வாக்கியம் வராது, அந்த அளவு. ஞாயிறு சாயங்காலம் அதற்கு நேர்மாறு. பிள்ளைகளையும் கடற்கரைக்குக் கூட்டிக்கொண்டு போய்விடுவேன். அவர்கள் மணலில் விளையாட, கண் பார்வைக்குள்ளேயே ரோட்டில் போவதும் வருவதுமாக முக்கால் மணி நேரம், பேசிக்கொண்டே ஓடுகிற வேகத்தில். வெள்ளி ஓட்டமும் பேசுகிற வேகம்தான். புதிதாக ஓடுகிறவர்கள் நம்ப மறுக்கும் விஷயம் இது: உலகத்தின் முதல் வரிசை ஓட்டக்காரர்களே தங்கள் பயிற்சியில் ஏறத்தாழ ஐந்தில் நாலு பங்கை மெதுவாகத்தான் ஓடுகிறார்கள். வீட்டு வேலையோடு ஓடுகிறவர்களுக்கு மெதுவாக ஓடுவதால் இன்னொரு லாபமும் உண்டு. ஓடிவிட்டு வந்து எரிந்து விழாமல் பிள்ளைகளோடு உட்கார்ந்து வீட்டுப்பாடம் பார்க்க முடியும்.

எங்கள் கடற்கரையில் ஓடுகிறவர்கள் காற்றைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும். ஜூன் முதல் செப்டம்பர் வரை மேற்கிலிருந்து கச்சான் காற்று அடிக்கும். மேற்கே வேதாளை, உச்சிப்புளிப் பக்கம் பார்த்து ஓடினால் நெஞ்சில் கை வைத்துத் தள்ளுகிற மாதிரி இருக்கும். பாம்பன் ரயில் பாலத்தில் காற்று ஓர் அளவைத் தாண்டினால் வண்டியை விட மாட்டார்கள், அப்படிப்பட்ட ஊர். அந்த மாதங்களில் கைக்கடிகாரம் காட்டுகிற வேகத்தைப் பார்த்து வருத்தப்படுவதில் பயன் இல்லை. மூச்சை வைத்துத்தான் அளக்க வேண்டும். நான் எப்போதும் காற்றுக்கு எதிராகக் கிளம்பி, காற்றோடு திரும்புவேன். களைத்த பாதியில் காற்று முதுகில் இருக்கும், வீட்டிலிருந்து அவசரமாகப் போன் வந்தாலும் சீக்கிரம் வந்து சேரலாம். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று பிடித்துவிட்டால் திசையை மாற்றிக்கொள்ள வேண்டியதுதான்.

மேடு ஏறிப் பழக வேண்டும் என்றால் எங்கள் தட்டைப் பூமியில் ஒரே ஒரு மேடுதான், பாம்பன் ரோட்டுப் பாலம். 1988இல் திறந்தது, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நீளம். படகுகள் கீழே போக வேண்டும் என்பதால் நடுவில் உயர்ந்திருக்கும், அந்த ஏற்றம் தொடைக்கு நல்ல வேலை கொடுக்கும். ஆனால் ராமேஸ்வரம் போகிற வேன்களும் பஸ்களும் விடியற்காலையில்தான் வேகமாக வரும். பாலத்தைப் பார்த்த சந்தோஷத்தில் வண்டியை நிறுத்தி இறங்குகிறவர்கள் வேறு. ஆகவே பாலத்துக்கு நான் போவது அபூர்வம், போனால் கூட ஆள் இருக்க வேண்டும், வெளிச்சம் வந்த பிறகுதான். இருட்டில் ஓடுவது ஊருக்குள் தெருவிளக்கு உள்ள ரோட்டில் மட்டும். என் நாத்தனார் மகள் கல்லூரியில் படிக்கிறாள், முதல் ஐந்து கிலோமீட்டர் அவள் கூட ஓடுவாள், அப்புறம் சைக்கிளில் வருவாள். எந்த வழியாகப் போகிறேன் என்று வீட்டில் சொல்லிவிட்டுத்தான் கிளம்புவேன், நான் இருக்கும் இடம் வீட்டுக்காரருக்குப் போனில் தெரிகிற மாதிரி போட்டு வைத்திருக்கிறேன். நாய் குரைத்தால் நடை. ஓடினால் துரத்தும், நடந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். உடை என்றால் தளர்வான முழு ட்ராக் பேன்ட், தொடை வரை வரும் டீ-ஷர்ட். ஆரம்பத்தில் ஊர் பேசியது. காலையில் தண்ணீர் பிடிக்க நிற்கிற பெண்களிடம் நின்று இரண்டு வார்த்தை பேசிவிட்டுப் போக ஆரம்பித்தபின் பேச்சு தானாக மாறிவிட்டது. இப்போது ஒரு வெள்ளி நான் வராவிட்டால் உடம்புக்கு முடியவில்லையா என்று விசாரிக்கிறார்கள்.

கடற்கரை என்றால் மணலில் ஓடலாமே என்று வெளியூர்ச் சொந்தக்காரர்கள் சொல்வார்கள். காய்ந்த மணலில் கால் புதையும், குதிகால் நரம்புக்கும் கெண்டைக்காலுக்கும் பாரம் அதிகம். ஈர மணல் கடலைப் பார்த்துச் சரிந்திருக்கும், ஒரே பக்கமாக நெடுநேரம் ஓடினால் முட்டி வலிக்கும். பத்து நிமிடம் வெறுங்காலில் ஓடினால் பாதத்துக்கு நல்லது. நீள ஓட்டத்துக்கு ரோடுதான்.

தண்ணீர் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராமநாதபுரம் ஜில்லாவில் ஓடுகிற பெண் தன் வேர்வைக்கும் கணக்கு வைக்க வேண்டும். ஓட்டம் என்றால் கூடுதலாக ஒரு குளியல், கூடுதலாக ஒரு ஜோடித் துணி. குழாயில் தண்ணீர் தினமும் வருவதில்லை, வராத நாளில் குடங்களைத் தள்ளுவண்டியில் அடுக்கிக்கொண்டு போக வேண்டும் அல்லது காசு கொடுத்து வாங்க வேண்டும். நான் ஓடியதற்கான தண்ணீரை அத்தையோ பெண்ணோ தூக்கி வரக் கூடாது என்பதில் கண்டிப்பாக இருக்கிறேன். குளிக்கும்போதே அந்தத் தண்ணீரில் ஓட்டத் துணியை அலசிப் பிழிந்து கொடியில் போட்டுவிடுவேன். கடல் காற்றில் அரை நாளில் காய்ந்துவிடும். ஓடுகிற துணி இரண்டு செட்டுக்கு மேல் வைத்துக்கொள்ளவில்லை. தண்ணீர் வருகிற நாளில் சாயங்கால ஓட்டம் இருந்தால், குடங்கள் நிரம்பிய பிறகுதான் ஷூ.

குடிக்கிற தண்ணீர் இன்னொரு பக்கம். கடலோரக் காற்றில் ஈரம் அதிகம். வேர்வை கொட்டும், ஆனால் ஆவியாகாது, ஆகவே உடம்பு குளிராது. ஒரு நீள ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் எடை பார்த்தால் எவ்வளவு இழக்கிறோம் என்று தெரிந்துவிடும். ஒரு கிலோ குறைந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர். அதை வெறும் தண்ணீராகவே குடித்து நிரப்பினால் ரத்தத்தில் உப்பு நீர்த்துப்போகும், அது தாகத்தை விட ஆபத்து. ஓ.ஆர்.எஸ். என்கிற உப்புச் சர்க்கரைப் பொடி பாக்கெட் மெடிக்கலில் கிடைக்கும், ஒரு பாக்கெட்டை அதில் போட்டிருக்கிற அளவுத் தண்ணீரில் கலக்க வேண்டும், கூட்டக் குறைக்கக் கூடாது. வீட்டுக்கு வந்ததும் எனக்கு உப்புப் போட்ட நீராகாரம், கூடக் கொஞ்சம் ஊறுகாய்.

அப்புறம் மீன்பிடித் தடைக்காலம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அவர் தினமும் கரையில். எனக்கு எல்லா நாளும் ஓடக் கிடைக்கும் என்று தோன்றும். ஆனால் அதுதான் வருடத்திலேயே கொடும் வெயில், அக்னி நட்சத்திரமும் நடுவில் வரும், வீட்டில் வருமானமும் இல்லாத காலம். படகைக் கரையேற்றிப் பலகை மாற்றுவது, பெயின்ட் அடிப்பது, இன்ஜின் வேலை என்று செலவுதான் வரிசையாக வரும். இந்த இரண்டு மாதமும் நான் தூரத்தைக் கூட்டுவதில்லை. விடிவதற்கு முன் அரை மணி, முக்கால் மணி நேரம், மெதுவாக, ஆனால் விடாமல். சூட்டுக்கு உடம்பு பழக பத்து முதல் பதினாலு நாள் ஆகும். அதுவரை அதே தூரம் ஓடினாலும் நாடி எகிறும், பயப்பட வேண்டாம், வேகத்தைக் குறைத்தால் போதும். தலை சுற்றினால், வேர்வை நின்று குளிர் எடுப்பது போல் இருந்தால் உடனே நிறுத்தி நிழலுக்குப் போய்த் தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். காலையில் ஓடி முடித்ததும் நுங்கோ பதநீரோ கிடைக்கிற காலமும் அதுதான், அந்த வகையில் கொடுத்துவைத்தவர்கள் நாங்கள்.

ஷூவைத் தடைக்காலத்துக்கு முன்பே வாங்கிவிடுவேன். ஒரு ஜோடி 500 முதல் 800 கிலோமீட்டர் வரை தாங்கும், என் ஓட்டத்துக்கு அது ஆறேழு மாதம். மாதாமாதம் என் சம்பளத்திலிருந்து ஒரு சிறு தொகை தனி டப்பாவில் போகிறது. ஷூ, போட்டிக் கட்டணம், ரயில் டிக்கெட் எல்லாம் அதிலிருந்துதான். வீட்டுச் சீட்டுப் பணத்திலோ பிள்ளைகளின் பீஸிலோ கை வைப்பதில்லை. டப்பாவில் இருப்பதை வைத்துத்தான் வருடத்துக்கு எத்தனை போட்டி என்று முடிவாகும். பெரும்பாலும் ஒன்று. ஜனவரியில் சென்னையில் நடக்கும் மராத்தானோடு அரை மராத்தானும் உண்டு. ராத்திரி ரயிலேறினால் காலையில் சென்னை. அது சனி ஞாயிறில் வருவதால் அவர் கூட வந்தால் ஒரு கடல் நாள் போய்விடும், அவர் பங்கு மட்டுமல்ல, டிரைவர் இல்லாமல் படகில் உள்ள மற்றவர்கள் பிழைப்பும் போகும். ஆகவே நாத்தனார் மகளும் நானும்தான் போகிறோம். அவர் கரையில் இறங்கியதும் முதல் வேலையாகப் போன் பண்ணுவார்.

ஜனவரிப் போட்டி என்றால் முக்கியமான பயிற்சி எல்லாம் மழைக்காலத்தில் வரும். பாம்பனில் புயல் கூண்டு ஏற்றிவிட்டார்கள் என்றால் படகு போகாது, வாரமே தலைகீழாகும். திங்கள் காலை சும்மா கிடைக்கும், வெள்ளி காலை மழை கொட்டும். அட்டவணையில் நாள் பெயர் எழுதாமல் 'இந்த வாரம் ஒரு நீளம், ஒரு வேகம், ஒரு மெதுவு' என்று மட்டும் எழுதி ஃப்ரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன். எந்தக் காலை கிடைக்கிறதோ அதில் நீளம். அடுத்தடுத்த நாளில் நீளமும் வேகமும் வரக் கூடாது, அது ஒன்றுதான் மாறாத விதி.

ஓடக் கூடாத வாரங்களும் உண்டு. கடலில் இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்டது, ஆட்களைக் கொண்டுபோய்விட்டார்கள் என்று செய்தி வரும். எங்கள் தெருவிலேயே அப்படி நடந்திருக்கிறது. அந்த வாரம் வேலைநிறுத்தம், படகுகள் எல்லாம் கரையில், எனக்கு எல்லாக் காலையும் ஓய்வு. ஆனால் பக்கத்து வீட்டில் ஒரு பெண் கைக்குழந்தையோடு வாசலில் உட்கார்ந்திருக்கும்போது ஷூ நாடாவைக் கட்டிக்கொண்டு அவள் முன்னால் ஓட எனக்கு மனம் வராது, வரவும் கூடாது. அவள் வீட்டுக்குச் சோறு கொண்டுபோவது, மனு எழுத உதவுவது, அதிகாரிகளைப் பார்க்கக் கூடப் போவது, அதுதான் அந்த வார வேலை. பத்துப் பதினைந்து நாள் ஓடாவிட்டால் உடம்பில் சேர்த்ததில் கொஞ்சம்தான் குறையும். திரும்பி வரும்போது முதல் வாரம் பாதித் தூரம், அடுத்த வாரம் முக்கால் என்று ஏறினால் பழைய இடத்துக்கு வந்துவிடலாம். உடம்புக்கு இவ்வளவு பொறுமை இருக்கிறது என்று தெரிந்துகொண்டதே எனக்குப் பெரிய நிம்மதி.

அவர் கடலில் இருக்கும் ராத்திரிகளில் காற்று மாறினால் எனக்குத் தூக்கம் வராது. கடல்காரன் பெண்டாட்டி எல்லோருக்கும் உள்ளதுதான். ஐந்து மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கினால் மறுநாள் வேக ஓட்டம் கிடையாது, நடை மட்டும். தூக்கத்தில் திருடி ஓட்டத்தில் போடுவது எனக்குச் சம்மதம் இல்லாத விஷயம்.

பெண்களுக்கென்று ஒன்று. ஓட ஆரம்பிக்கும் முன் ரத்தத்தில் ஹீமோகுளோபின் பாருங்கள். ஆரம்ப சுகாதார நிலையத்தில் பார்ப்பார்கள். 12க்குக் கீழே இருந்தால் ரத்தசோகை. எவ்வளவு ஒழுங்காகப் பயிற்சி செய்தாலும் மூச்சு வாங்கிக்கொண்டே இருக்கும், சோம்பல் என்று நம்மை நாமே திட்டிக்கொண்டிருப்போம். டாக்டர் கொடுக்கிற மாத்திரை, முருங்கைக்கீரை, கூட ஒரு எலுமிச்சை. சாப்பிட்ட கையோடு டீ குடித்தால் இரும்புச் சத்து உடம்பில் சேருவது குறையும், ஒரு மணி நேரம் தள்ளிக் குடியுங்கள். மாதவிலக்கு நாட்களில் முதல் இரண்டு நாள் முடிந்தால் மெதுவாக, முடியாவிட்டால் இல்லை. அந்த வாரத்தில் வேக ஓட்டம் விழுந்தால் அடுத்த வாரத்துக்குத் தள்ளிவிடுவேன்.

ஆரம்பிக்க நினைக்கிறவர்கள் முதல் இரண்டு மாதம் போட்டி எதற்கும் பேர் கொடுக்க வேண்டாம். வாரம் மூன்று நாள், ஒவ்வொரு நாளும் இருபத்தைந்து நிமிடம்: ஒரு நிமிடம் ஓட்டம், இரண்டு நிமிடம் நடை, மாற்றி மாற்றி. இரண்டு வாரத்துக்கு ஒரு தடவை ஓட்டத்தில் ஒரு நிமிடம் கூட்டினால் போதும். வீட்டில் படியில் நின்று குதிகாலைத் தூக்கி இறக்குவது இருபது தடவை, உலை கொதிக்கிற நேரத்தில் செய்துவிடலாம், கெண்டைக்கால் வலி பாதி வராது. எந்த மூன்று நாள் என்பதை வீட்டில் எல்லோரையும் உட்கார வைத்துக் காலண்டரில் குறியுங்கள். போட் நாள், தண்ணீர் நாள், சீட்டு நாள், பிள்ளைகளின் பரீட்சை எல்லாவற்றையும் முதலில் எழுதிவிட்டு, மிச்சம் இருக்கும் கட்டங்களில் ஓட்டத்தைப் போடுங்கள். நாட்டுப்படகு வீடு என்றால் உங்கள் கட்டங்கள் வேறாக இருக்கும், வெள்ளி கிடைக்காது, திங்களோ புதனோ கிடைக்கலாம். வேதாளைப் பக்கம் இருப்பவர்கள் காலையில் துணை வேண்டும் என்றால் ஐஸ் கம்பெனியில் வந்து சொல்லுங்கள், வெள்ளிக்கிழமை நாலரைக்கு நாங்கள் அந்த வழியாகத்தான் போகிறோம்.